பனியில்லாத ஊரில் ஐஸ் ஹாக்கிச் சாமான்

ஐஸ் ஹாக்கிச் சாமான் வாங்கப் புறப்படும் சிங்கப்பூர்க் குடும்பம் முதலில் தன் வீட்டு ஸ்டோர் ரூமை அளந்துகொள்வது நல்லது. தலைக்கவசம், கழுத்துக் காப்பு, தோள் காப்பு, முழங்கைக் காப்பு, கையுறை, திண்டு வைத்த கால்சட்டை, கால் காப்பு, ஸ்கேட்ஸ், மட்டை என்று ஒவ்வொன்றாக வந்து சேரும். இத்தனைக்கும் இடம் ஒதுக்கும் அளவுக்கு எந்த வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டிலும் அலமாரி மிஞ்சாது. எங்கள் வீட்டில் அரிசி மூட்டை, மடக்குக் கட்டில், கொலு பொம்மைப் பெட்டிகள் எல்லாம் குடியிருக்கும், ஸ்டோர் ரூமாகிவிட்ட பதுங்கறைக்குள்தான் இவையும் நுழைந்தன. கொலுப் பெட்டியின் மேல் ஸ்கேட்ஸ் வைக்கக் கூடாது என்று மாமியார் போட்ட சட்டம் இன்றும் அமலில் இருக்கிறது.

மகள் ஆடக் கற்றுக்கொண்டது ஜூரோங் ஈஸ்ட்டில், ஜேகியூப் கடைத்தொகுதிக்குள் இருந்த பனித்தளத்தில். 2012-இல் திறக்கப்பட்ட அந்தத் தளம் 60 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்டது. ஒலிம்பிக் அளவில் சிங்கப்பூரில் அமைந்த முதல் தளம் அதுதான். 2023 ஆகஸ்டில் கடைத்தொகுதி மூடப்பட்டது. தளமும் கூடவே போயிற்று. அதன்பிறகு மகளும் அவள் கூட்டாளிகளும் எல்லை தாண்டி மலேசியாவின் ஜொகூர் பாருவில் பேரடைம் மாலில் உள்ள தளத்துக்குப் போகத் தொடங்கினார்கள். வார இறுதியில் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் நின்று பார்த்தவர்களுக்கு, அப்படிப் போவது நினைத்தவுடன் நடக்கிற காரியமில்லை என்பது தெரியும். மற்ற நாள்களில் சாமான் சும்மா கிடந்தது. காசு கொடுத்து வாங்கிய பொருள் சும்மா கிடப்பதைப் பார்த்தால் எனக்குப் பொறுக்காது.

ஒவ்வொரு காப்பையும் கையில் எடுத்து, எந்த அடியைத் தாங்க இதைச் செய்திருக்கிறார்கள், அந்த அடி எந்தப் பக்கமிருந்து வரும் என்று கேட்டுப் பார்க்கும் பழக்கம் அப்போது வந்தது. கடையில் எதற்கு அதிகம் செலவழிக்கலாம், எதை இரண்டாம் கையாக வாங்கலாம் என்பதற்கும் இந்தக் கேள்வி உதவியது. வீட்டுக்கு வந்தபின் ஒரு பொருளை வேறு எதற்குப் பயன்படுத்தலாம், எதற்குக் கூடவே கூடாது என்பதற்கும் அதுவே உதவியது.

ஸ்கேட்ஸில் தொடங்குகிறேன், காசு அதிகம் போவதும் பெற்றோர் அதிகம் ஏமாறுவதும் அங்கேதான். பள்ளிக் காலணி வாங்கும்போது "வளர்கிற பிள்ளை, ஓர் அளவு பெரிதாகவே கொடுங்கள்" என்று சொல்லிப் பழகிய நாக்கு நமக்கு. ஸ்கேட்ஸ் கடையில் அந்த நாக்கை அடக்க வேண்டும். ஹாக்கி ஸ்கேட்ஸ் அளவு வழக்கமான காலணி அளவைவிட ஒன்று முதல் ஒன்றரை எண் குறைவாகத்தான் வரும். மெல்லிய காலுறை போட்டு, நிமிர்ந்து நிற்கும்போது கால்விரல் நுனி முன்பக்கத்தை லேசாகத் தொட வேண்டும். முழங்காலை மடக்கிக் குனிந்தால் குதிகால் பின்னால் சென்று உட்கார, விரல்கள் சற்று விலகும். அதுதான் சரியான அளவு. அந்தக் குனிந்த நிலையில் குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரலுக்கு மேல் இடம் இருந்தால் பெரிதாகிவிட்டது என்று பொருள். பெரிய ஸ்கேட்ஸில் குதிகால் மேலெழும், கணுக்கால் உள்பக்கம் சரியும். "பிள்ளைக்குக் கால் பலம் போதவில்லை" என்று நாம் சொல்லிக்கொண்டிருப்போம்; குறை காலணியில் இருக்கும்.

நீளத்தைப் போலவே ஆழத்தையும் பார்க்க வேண்டும். அதற்கு ஒரு பென்சில் போதும். கயிற்றைத் தளர்த்தி, காலணியின் நாக்கை முன்னால் இழுத்துவிட்டு, மேலிருந்து மூன்றாவது, நான்காவது துளைகள் இருக்கும் இடத்தில் பென்சிலைக் குறுக்கே வையுங்கள். பென்சில் பாதத்தைத் தொடாமல் இரு பக்க விளிம்புகளிலும் படிந்து கிடந்தால் ஆழம் சரி. பாதத்தில் முட்டி ஆடினால் அந்தக் காலணிக்கு ஆழம் போதாது; கயிறு கட்டியதும் பாதத்தின் மேல் எலும்பு வலிக்கும். எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் செருப்பிலேயே வளர்ந்த பாதம், முன்பக்கம் நல்ல அகலம். பாவர் நிறுவனம் தன் ஸ்கேட்ஸை ஃபிட் 1, 2, 3 என்று பிரிக்கிறது. ஒன்று ஒடுக்கம், மூன்று அகலமும் ஆழமும். மகளுக்கு மூன்றுதான் பொருந்தியது. பெட்டியில் எழுதியிருக்கும் எண்ணை மட்டும் பார்த்து வாங்கியிருந்தால் இது தெரிந்திருக்காது.

இரண்டாம் கை ஸ்கேட்ஸ் வாங்கலாம்; கேரோசெல் இணையச் சந்தையில் பாதி விலைக்கும் குறைவாக நல்லவை கிடைக்கின்றன. பார்க்க வேண்டியவை சில உண்டு. எஃகு பிளேடு தீட்டித் தீட்டித் தேய்ந்து, அதைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் ஹோல்டரை நெருங்கிவிட்டதா? ஹோல்டரில் விரிசல் இருக்கிறதா? அடியில் உள்ள ரிவெட்டுகளில் துரு இருக்கிறதா? நம் ஊர் ஈரப்பதத்தில் இந்தத் துரு நிச்சயம் எட்டிப் பார்க்கும். கடைசியாக, கணுக்கால் பகுதியை இரு பக்கமும் கையால் அழுத்திப் பாருங்கள். துணிப்பை போல மடங்கினால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

புதிய ஸ்கேட்ஸ் வீட்டுக்கு வந்தவுடன் பனியில் இறங்கிவிட முடியாது, தீட்ட வேண்டும். பிளேடின் அடிப்பக்கம் தட்டையாக இருக்காது. நடுவில் குழிந்து, இரு ஓரங்களிலும் விளிம்பு இருக்கும். அந்தக் குழிவின் ஆரத்தை அரை அங்குலம், ஐந்தெட்டு அங்குலம் என்று சொல்வார்கள். ஆரம் சிறியதானால் குழி ஆழம். விளிம்பு பனியை நன்றாகக் கவ்வும். பெரியதானால் வழுக்கல் அதிகம். உடல் எடை குறைந்த பிள்ளைகளுக்கு ஆழமான குழி கை கொடுக்கும். கனமான பெரியவர்களுக்கு அதுவே நிற்கும்போது தடுமாற்றத்தைத் தரும். தீட்டிக் கொடுத்தபின், கட்டைவிரல் நகத்தை ஒவ்வொரு விளிம்பிலும் குறுக்கே மெல்ல இழுத்துப் பாருங்கள். இரண்டு விளிம்பும் ஒரே மாதிரி நகத்தைச் சுரண்ட வேண்டும். ஒரு கடையில் தீட்டியதில் இடது விளிம்பு சுரண்டியது, வலது விளிம்பு வழுக்கிக்கொண்டு போனது. திரும்பக் கொடுத்துத் தீட்டச் சொன்னேன். அவர்களுக்குப் பிடிக்கவில்லை, எனக்கு அதைப் பற்றிக் கவலையில்லை.

தலைக்கவசத்தை மட்டும் இரண்டாம் கையாக வாங்காதீர்கள். உள்ளே ஏற்பட்ட விரிசல் வெளியே தெரியாது. புதியதிலும் பின்பக்கம் ஒட்டியிருக்கும் எச்இசிசி (ஹாக்கிச் சாமான்களுக்குச் சான்றளிக்கும் அமைப்பு) முத்திரையைப் படியுங்கள். உற்பத்தியான நாளிலிருந்து ஆறரை ஆண்டுதான் அந்தச் சான்றிதழுக்கு ஆயுள். தள்ளுபடி விலையில் கிடைப்பது சில நேரம் அந்த ஆயுளில் பாதியைக் கடையிலேயே கழித்ததாக இருக்கும். முகத்துக்குக் கம்பிக் கூண்டா, தெளிவான பிளாஸ்டிக்கா என்றால் என் ஓட்டு கூண்டுக்கே. பிளாஸ்டிக்கில் மூச்சுக்காற்று பட்டு மங்கும், கீறல் விழும். கூண்டின் கம்பிகள் ஆட ஆரம்பித்ததும் கண்ணுக்குத் தெரிவதே இல்லை என்கிறாள் மகள்.

கழுத்துக் காப்பு முன்பெல்லாம் பையின் அடியில் கிடக்கும் பொருள். 2023 அக்டோபரில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் நடந்த ஆட்டத்தில், நாட்டிங்ஹாம் பாந்தர்ஸ் அணியின் ஆடம் ஜான்சன், ஸ்கேட் பிளேடு கழுத்தில் பட்டு இறந்தார். அதன்பின் சர்வதேச ஐஸ் ஹாக்கிக் கூட்டமைப்பு தன் போட்டிகளில் கழுத்துக் காப்பைக் கட்டாயமாக்கியது. வெட்டைத் தாங்கும் இழை நெய்த காப்பு ஒன்றும் பெரிய விலையில்லை. புழுங்குகிறது என்று பிள்ளைகள் கழற்றப் பார்ப்பார்கள், விடாதீர்கள்.

மற்றக் காப்புகளில் இவ்வளவு கெடுபிடி தேவையில்லை. சிறுவர் பிரிவுகளில் உடலோடு உடல் மோதும் ஆட்டத்துக்குப் பெரும்பாலும் அனுமதி கிடையாது என்பதால், தோள் காப்பு எளிமையானதே போதும். கால் காப்பை முழங்கால் சில்லின் நடுவிலிருந்து ஸ்கேட்ஸின் மேல்விளிம்பு வரை அளந்து வாங்குங்கள். கால்சட்டையின் கீழ்விளிம்பு கால் காப்பின் சில்லை மூட வேண்டும்; கையுறைக்கும் முழங்கைக் காப்புக்கும் இடையே வெறும் தோல் தெரியக் கூடாது. இடைவெளி இருக்கும் இடத்தைத் தேடித்தான் அடி வரும். உடுத்தும்போது தோள் காப்புக்கு முன்பே ஸ்கேட்ஸைக் கட்டிவிடுவது நல்லது. எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டபின் குனிய முடியாது.

மட்டையில் எங்கள் வீட்டில் ஒரு பஞ்சாயத்தே நடந்தது. என் அப்பா பள்ளி நாள்களில் புல்தரை ஹாக்கி ஆடியவர். பேத்திக்கு வலக்கைப் பழக்கம். அவள் வலக்கையை மட்டையின் உச்சியில் வைத்து, இடக்கையைக் கீழே பிடித்தபோது அவருக்குத் தாளவில்லை.

"என்னம்மா இது, தலைகீழாகப் பிடிக்கச் சொல்லிக்கொடுக்கிறார்களே?"

"பனியில் இப்படித்தான் அப்பா. மேல்கைதான் மட்டையை ஆட்டி வைக்கிறதாம்."

"எங்கள் காலத்தில் இடக்கை மட்டை என்று ஒன்று கிடையாது, தெரியுமா?"

அவர் சொன்னது உண்மை. புல்தரை ஹாக்கியில் மட்டையின் ஒரு பக்கம்தான் தட்டை. இடக்கையர்களும் அதே மட்டையில்தான் ஆட வேண்டும். ஐஸ் ஹாக்கியில் இரு பக்கமும் ஆடலாம், முனை இடப்பக்கமோ வலப்பக்கமோ வளைந்த மட்டைகள் கிடைக்கும். உச்சியில் இருக்கும் கை ஒற்றையாகவே மட்டையை நீட்டி, பக் எனும் ரப்பர் வட்டைக் கையாள வேண்டியிருப்பதால், பழக்கமான கையை மேலே வைப்பது பலருக்கு வசதி. கிரிக்கெட்டும் புல்தரை ஹாக்கியும் பார்த்து வளர்ந்த நம் வீடுகளில் வலக்கைப் பிள்ளைக்கு யோசிக்காமல் வலப்பக்க மட்டையை வாங்கிவிடுவோம். வாங்கும் முன் பிள்ளை கையில் நீளத் துடைப்பத்தைக் கொடுத்துக் கூட்டச் சொல்லுங்கள். எந்தக் கை தானாக மேலே போகிறது என்று பாருங்கள். (கூடவே வீடும் சுத்தமாகும்.)

மட்டை வளையும் தன்மைக்கு ஃபிளெக்ஸ் என்று ஓர் எண் உண்டு. மட்டையை ஓர் அங்குலம் வளைக்க எத்தனை பவுண்ட் விசை வேண்டும் என்பதே அது. ஆடுபவரின் எடையைப் பவுண்டில் எடுத்து அதில் பாதி என்பது பொதுவான கணக்கு. நமக்குக் கிலோவில்தான் எடை தெரியும்; கிலோவோடு பத்தில் ஒரு பங்கு கூட்டினால் ஏறக்குறைய அதே எண் வந்துவிடும். 40 கிலோ பிள்ளைக்கு 44, அதற்கு அருகில் உள்ள மட்டை. நீளம், ஸ்கேட்ஸ் போட்டு நிற்கும்போது முகவாய் வரை. நீளமாக இருக்கிறதே என்று மேல்பக்கம் அறுத்தால் மட்டை விறைத்துவிடும், எண்ணும் ஏறிவிடும். பிள்ளை வளர்ந்து மட்டை குட்டையானால் உடனே புதிதாக வாங்க வேண்டாம். மட்டை உள்ளே குழல்தான். உச்சியில் செருகும் மரத்துண்டு கிடைக்கிறது. அதை வைத்து எங்கள் மட்டைக்கு ஆயுளை நீட்டித்திருக்கிறேன்.

இனி, பனி இல்லாத நாள்களின் கதை.

என் அக்காள் மகன் சமூக மன்றத்தில் சிலம்பம் கற்கிறான். கம்பு பிடித்து இருவர் எதிரெதிரே நின்று பழகும்போது அடி விழுவது பெரும்பாலும் விரல் கணுக்களிலும் மணிக்கட்டிலும். ஒருநாள் நீலம் பாய்ந்த விரல்களோடு வந்து, "சித்தி, பனி விளையாட்டுக் கையுறை ஒன்று இருக்குமே" என்று கேட்டான். ஐஸ் ஹாக்கிக் கையுறையை எதற்காகச் செய்கிறார்கள்? எதிராளியின் மட்டை புறங்கையில் விழுவதைத் தாங்கத்தான். விரல்களின் மேல் தனித்தனித் திண்டு, கட்டைவிரலுக்கு உள்ளே கெட்டியான தகடு, மணிக்கட்டை மூடும் குழல் என்று எல்லாம் புறங்கைப் பக்கம். சிலம்பத்தில் வரும் அடியும் அதே பக்கம், அதே வகை. மகளுக்குச் சிறிதாகிப்போன கையுறை அவனுக்கு அளவெடுத்ததுபோல் பொருந்தியது. கம்பைச் சுழற்ற மணிக்கட்டு மடங்க வேண்டுமே என்று முதலில் சிணுங்கினான். குட்டைக் குழல் கொண்ட கையுறையை மாட்டியதும் அந்தக் குறை போனது. போட்டிக்கு அவர்களின் விதிப்படி உள்ள காப்பைத்தான் போட வேண்டும். பயிற்சிக்கு இது போதும் என்று அவனுடைய ஆசான் கையில் வாங்கித் தட்டிப் பார்த்து ஒப்புக்கொண்டார்.

அதே கையுறையை என் கணவரின் தம்பி டுரியான் பிளக்கப் பயன்படுத்தப் பார்த்தார். தடிமனாக இருக்கிறதே என்று எடுத்து மாட்டிக்கொண்டு, பழத்தை இடக்கையில் ஏந்தினார். அடுத்த நொடி பழம் தரையில் கிடந்தது. உள்ளங்கைப் பக்கம் இருப்பது மட்டையை உணர்ந்து பிடிப்பதற்கான மெல்லிய செயற்கைத் தோல். முள் நேராக இறங்கிவிட்டது. சூடான பாத்திரம் தூக்கவும் அது உதவாது, இதே காரணத்துக்காகத்தான். அவர் இன்னும் கையுறையின் தரத்தைக் குறை சொல்லிக்கொண்டிருக்கிறார்.

பனித்தளக் காப்புகளைச் சிமெண்ட் தரைக்குக் கொண்டு போகும்போது இதைவிடக் கவனமாக இருக்க வேண்டும். சிறுவர்கள் ஸ்கேட்போர்டு, ரோலர் ஸ்கேட்ஸ் பழகும்போது திண்டு வைத்த ஹாக்கிக் கால்சட்டை அருமையான துணை. இடுப்பும் வால் எலும்பும் தப்பிக்கும். புழுக்கம் இருக்கிறது என்பதால், வெயில் தாழ்ந்தபின் ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா ஸ்கேட் திடலுக்குப் போகும்போதுதான் எங்கள் வீட்டில் அதை எடுப்பார்கள். வெளிப்புறம் கெட்டி ஓடு உள்ள முழங்கைக் காப்பும் அங்கே உதவும். துணி மூடிய மென்மையான வகை சிமெண்டில் உராய்ந்து கிழிந்துவிடும். இரண்டுக்கும் பயன்பட வேண்டும் என்று முதலிலேயே தெரிந்தால் ஓடு உள்ளதை வாங்குங்கள். கையுறை மட்டும் அங்கே போதாது. பனியில் விழுந்தால் உள்ளங்கை வழுக்கிக்கொண்டு போகும். சிமெண்டில் விழுந்தால் கை அதே இடத்தில் நின்றுவிடும், உடல் எடை முழுவதும் மணிக்கட்டில் இறங்கும். அதைத் தாங்கும் பட்டை ஹாக்கிக் கையுறையில் இல்லை. தனியாக மணிக்கட்டுக் காப்பு வாங்கத்தான் வேண்டும்.

சைக்கிளுக்கு இந்தத் தலைக்கவசத்தைப் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்காதவர் இல்லை. கூடாது. ஹாக்கித் தலைக்கவசம் சின்னச் சின்ன மோதல்களைத் திரும்பத் திரும்பத் தாங்கச் செய்தது. சைக்கிள் தலைக்கவசத்தின் நுரை ஒரே ஒரு பெரிய மோதலில் தான் நொறுங்கித் தலையைக் காக்கச் செய்தது. சோதனைகளும் வேறு, சான்றிதழும் வேறு. சாலையில் சைக்கிள் ஓட்டுவோருக்கு 2019 பிப்ரவரி முதல் இங்கே தலைக்கவசம் கட்டாயம். அதற்கென்று உள்ளதையே வாங்குங்கள்.

ஸ்கேட்ஸின் மேல்பகுதி நன்றாக இருந்து பிளேடு மட்டும் தேய்ந்துபோனால், ஹோல்டரைக் கழற்றிவிட்டு அங்கே சக்கரச் சட்டத்தைப் பொருத்தி இன்லைன் ஸ்கேட்ஸாக மாற்றலாம். திறந்தவெளித் தரைக்குக் கெட்டித்தன்மை எண் 80ஏ-க்கு மேலான சக்கரம் வேண்டும்; உள்ளரங்கத்துக்கான மென்மையான சக்கரம் சிமெண்டில் கரைந்துவிடும். கார்பன் மட்டையையும் சிமெண்டில் தேய்க்காதீர்கள், முனை நார் நாராகப் பிரியும். வெளியில் பழக ஏபிஎஸ் பிளாஸ்டிக் முனை கொண்ட மர மட்டை ஒன்று தனியாக இருந்தால் நல்ல மட்டை பிழைக்கும். புளோக்கின் கீழ்த்தளத்தில் பழகலாம் என்று நினைப்பவர்கள் அங்கே தொங்கும் அறிவிப்புப் பலகையைப் படித்துவிட்டு, கூரையிட்ட பந்துத் திடலைத் தேடிப் போவது அண்டை வீட்டாருடன் உறவுக்கு நல்லது.

பள்ளியில் ஃபுளோர்பால் இருக்கிறதே, சாமானை அங்கே பயன்படுத்தலாமே என்று பல பெற்றோர் கேட்கிறார்கள். பெண்கள் ஃபுளோர்பால் உலகப் போட்டியை 2005-இலும் 2023-இலும் நடத்திய ஊர் இது. அந்த ஆட்டத்துக்குப் பள்ளிகளில் நல்ல இடம் உண்டு. துளைகள் கொண்ட, 23 கிராம் எடையுள்ள பந்தில் ஆடுவது அது. 160 கிராம் அளவுள்ள ரப்பர் பக்குக்காகச் செய்த மட்டைக்கு அங்கே வேலை இல்லை. அதற்குரிய மட்டை தனி. ஆனால் பனியில் பழகிய கண்ணும் காலும் அங்கே வீணாவதில்லை. மகள் அதில் சீக்கிரமே தேறிவிட்டாள்.

சமையலறைக்கு வருகிறேன். பக் என்பது மூன்று அங்குல விட்டமும் ஓர் அங்குலத் தடிமனும் கொண்ட கெட்டி ரப்பர் வட்டு. ஆட்டத்துக்கு முன் அதை உறைய வைப்பது வழக்கம். குளிர்ந்த ரப்பர் துள்ளாது. அதனால் எங்கள் உறைபெட்டியில் நெத்திலிப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் எப்போதும் சில பக்குகள் இருக்கும். மாமியாருக்கு அதில் நிரந்தர வருத்தம். அவருடைய கிரைண்டர் பழையது. அடியில் உள்ள ரப்பர் பாதங்கள் காய்ந்து கல்லாகிவிட்டன. உளுந்து அரைக்கப் போட்டுவிட்டு அவர் முகம் கழுவப் போனால், அது மேடையின் விளிம்பு வரை ஊர்ந்து வந்து நிற்கும். ஒரு முறை நான் எட்டிப் பிடித்தேன். அன்று நான்கு பக்குகளை எடுத்து, அடியில் பழைய துண்டைக் கிழித்துப் போட்டு, கிரைண்டரின் நான்கு பாதங்களையும் அவற்றின் மேல் உட்கார வைத்தேன். துண்டு எதற்கென்றால், கறுப்பு ரப்பர் வெள்ளை மேடையில் கறை பதிக்கும். கிரைண்டர் அசையவில்லை. இரைச்சல்கூடக் குறைந்தது.

"இந்தக் கறுப்பு வடைக்கு இப்போதுதான் ஒரு வேலை வந்தது" என்றார்.

"இன்னும் நான்கு இருக்கிறது அத்தை, துணி துவைக்கும் இயந்திரத்துக்கும் வைக்கலாம்."

"அதையும் வை. உறைபெட்டியாவது காலியாகட்டும்."

துவைக்கும் இயந்திரத்துக்கு வைக்கும்போது பாதம் வட்டின் நடுவில் உட்கார்கிறதா, இயந்திரம் மட்டமாக நிற்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் சுழலும் வேகத்தில் இறங்கி நடக்கும்.

மட்டையில் சுற்றும் துணி நாடாவை வீட்டில் எல்லாரும் திருடுகிறார்கள். நீர் பட்டாலும் பிடி வழுக்காது, கையால் கிழிக்கலாம். அரிவாள்மனைக் கட்டை, குடைக் கைப்பிடி, பூப்பந்து மட்டை எல்லாவற்றிலும் இப்போது அதே கறுப்பு நாடா. உடைந்த மட்டையின் குழலைத் தாழ்வாரத் தொட்டியில் அவரைக் கொடிக்கு ஊன்றியிருக்கிறேன், துருப்பிடிக்காது, உளுக்காது. உடைந்த முனை கார்பன் நார். கையில் ஏறினால் எடுப்பது கடினம். வீட்டுக்கு வெளியே, முகக்கவசம் போட்டு, ஈரத் துணி சுற்றி அறுத்து, முனையைத் தேய்த்து நாடா சுற்றிவிடுங்கள். தாழ்வாரத்தில் நடைபாதைக்கு 1.2 மீட்டர் அகலம் விட வேண்டும் என்ற விதியையும் மறக்க வேண்டாம். கொடியும் கோலும் அதற்குள் நீளக் கூடாது.

பை பற்றி ஒரு வார்த்தை. சக்கரம் வைத்த பையை வாங்குங்கள். 950-ஆம் எண் பஸ்ஸிலிருந்து சோதனைச்சாவடிக்கு இறங்கி, சோதனை முடித்து, மறுபடி பஸ் ஏறும்போது அதன் அருமை தெரியும். நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 158 சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும். பல விமான நிறுவனங்கள் அனுமதிக்கும் அளவு அதுதான். எங்கள் பை வருடத்தில் பெரும்பகுதி காப்பு சுமக்கிறது, பள்ளி விடுமுறையில் திருச்சிக்குச் சாக்லேட்டும் தைலமும் சுமக்கிறது. போகும்போது உள்ளே நல்ல பிளாஸ்டிக் உறை விரித்துவிடுங்கள். காற்றுக்கென்று விட்ட வலைத்துளைகள் மழையையும் உள்ளே விடும், பழைய வாசனையையும் வெளியே விடும்.

வாசனையும் துருவும்தான் நம் ஊரில் இந்தச் சாமானின் பெரிய எதிரிகள். ஆடி முடித்து வீடு வந்ததும், எவ்வளவு அசதியாக இருந்தாலும், பையைத் திறந்து எல்லாவற்றையும் மின்விசிறிக்கு எதிரே பரப்ப வேண்டும். ஓர் இரவு பைக்குள் மூடிக் கிடந்தால் மறுநாள் ஸ்டோர் ரூம் கதவைத் திறக்க ஆள் கிடைக்காது. காப்புகளை வாளியில் மிதமான சோப்பு நீரில் அலசலாம். உலர்த்தும் இயந்திரத்தில் மட்டும் போடாதீர்கள், வெப்பத்தில் நுரையும் பசையும் விட்டுப்போகும். பிளேடைத் துடைத்துத் துணியுறை மாட்டி வையுங்கள். நடப்பதற்கு மாட்டும் கெட்டி பிளாஸ்டிக் உறையோடு வைத்தால் உள்ளே நீர் தேங்கித் துரு ஏறும். ஸ்டோர் ரூமில் ஈரம் உறிஞ்சும் டப்பா ஒன்றும் இருக்கட்டும். இவ்வளவு செய்தாலும், பயன்படுத்தாமல் வைத்த காலணியின் அடி நம் ஊரில் ஒருநாள் பொலபொலவென்று உதிர்வதைப் பார்த்திருப்பீர்கள். காப்புகளின் செயற்கைத் தோலும் அப்படித்தான் உரியும். தம்பி தங்கைக்கு ஆகும் என்று வருடக்கணக்கில் பூட்டி வைப்பதைவிட, இன்று அளவு பொருந்துகிற பிள்ளைக்குக் கொடுத்துவிடுவது மேல்.

மகளுக்குச் சிறிதான கால் காப்பையும் தோள் காப்பையும் அப்படித்தான் கொடுத்தேன். ஸ்கேட்ஸை விற்றேன், எஃகு எவ்வளவு மிச்சம் என்பது தெரியும்படி பக்கவாட்டில் படம் எடுத்துப் போட்டதால் பேரம் பேச வந்தவர்கள் குறைவு. சான்றிதழ் காலம் முடிந்த தலைக்கவசத்தை யாருக்கும் கொடுக்கவில்லை. யாராவது எடுத்துத் துடைத்துப் பிள்ளைக்கு மாட்டிவிடக் கூடாது என்பதற்காகத் தாடைப் பட்டைகளை இரண்டாக வெட்டினேன். வீட்டுக் குப்பைத் துவாரத்தில் போட்டால் நடுவில் அடைத்துக்கொள்ளும் என்பதால் கீழே இருக்கும் பெரிய தொட்டிக்கே எடுத்துப் போனேன். கூண்டை மட்டும் கழற்றி வைத்திருக்கிறேன். புதிய தலைக்கவசத்தின் அளவுக்குப் பொருந்தினால் அந்தச் செலவு மிச்சம்.